பகலெல்லாம் நல்ல அமைதி

குழாயடியில்தான் பிச்சம்மாளுக்கு விஷயம் தெரியவந்தது. நாலு மணித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தாள். முன்னால் நின்ற முப்பிடாதியம்மாள் திரும்பிப் பார்த்து, தன் ரவிக்கைக் கையில் இரண்டு பூப் போட்டுத்தர அவள் வீட்டுக்காரருக்கு நேரம் இருக்குமா என்று கேட்டாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அது அப்போது வந்த சிரிப்பு இல்லை. காலையிலிருந்து வைத்திருந்து, இவள் வரட்டும் என்று காத்திருந்த சிரிப்பு.

அவள் புருஷன் மாசானம் பூத்தையல் தைப்பது அந்தச் சந்தில் நாலைந்து வீட்டுக்குத் தெரியும். ஆனால் அதை அவனே எழுதிக் கொடுத்து, ஊர்க்காரர்கள் சங்கத்தின் மாதச் செய்தித்தாளில் சைக்ளோஸ்டைல் நகல் போட்டு, தாராவியிலிருந்து அம்பர்நாத் வரைக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிற இடமெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. குடம் பாதி நிறைந்ததும் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். முழுக்குடம் பிடிக்கிற வரைக்கும் அங்கே நிற்க அவளால் முடியவில்லை.

மாசானம் குர்லாவில் ஒரு பட்டறையில் இரும்பு கடைகிற லேத் மெஷினில் வேலை பார்த்தவன். அறுபத்தேழு பிறந்த தை மாதம், கொக்கியிலிருந்து இரும்புத் தண்டு ஒன்று நழுவி அவன் இடது தொடையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டு, ஐந்து மாதம் அசையக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே பிச்சம்மாள் மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஆபீஸ்காரர்கள் சாப்பிடும் மெஸ் ஒன்றில் மாவாட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். காலை ஐந்து மணிக்கு ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பாள். வீட்டுக்கு வந்தால் புருஷனுக்குச் சட்டி வைத்து எடுக்க வேண்டும், உடம்பு துடைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும். பதினேழு வயது மகள் சந்திரலேகா ஒத்தாசை செய்வாள். அவளும் ஒரு தையல் கம்பெனியில் பொத்தான் கட்டப் போய்க்கொண்டிருந்தாள்.

மாசானத்துக்குப் பகல் முழுக்கக் கூரையைப் பார்க்கிற வேலைதான். எதிர் வீட்டு சாயிரா வாசலில் உட்கார்ந்து ஒரு புடவைக் கடைக்காகப் பூவேலை செய்வாள். அவள் புருஷன் தோல் பட்டறையில் வேலை செய்தான். மேலப்பாளையத்துக் குடும்பம். சந்து மூன்றடி அகலம்தான். கட்டிலில் படுத்தபடியே மாசானம் அவள் கையைப் பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோராம் நாள், ஒரு இலையின் வலது ஓரம் நூல் கனத்துக்குப் பிசகியிருப்பதாகச் சொன்னான். சாயிரா தூக்கிப் பார்த்தாள். பிசகித்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் இரும்பை மயிரிழை அளவுக்குச் சீவிய கண். துணியை மாட்டித் தைக்கிற வளையம் ஒன்றையும் ஊசியையும் எடுத்துக் கொடுத்து, நீங்களே போட்டுப் பாருங்கண்ணே என்றாள். அப்படி ஆரம்பித்தது.

பிச்சம்மாள் வேலை முடிந்து வருகிறபோதெல்லாம் அவன் வளையத்தை உயர்த்திக் காட்டுவான். இன்றைக்கு இந்த முடிச்சு வந்தது, இந்த வளைவு வந்தது என்பான். உளுந்து அரைத்து விரல் இடுக்கெல்லாம் வெந்துபோன கையோடு நிற்பவள், ம் என்று சொல்லிவிட்டுச் சட்டியை எடுக்கப் போவாள்.

அன்றைக்குக் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, மாசானம் கண்ணயர்ந்திருந்த நேரமாகப் பார்த்து, வேலை விட்டு வந்த மகளை வாசலுக்குக் கூப்பிட்டு, கட்டிலடியில் கிடந்த அந்தச் சங்கத் தாளைப் படிக்கச் சொன்னாள். சந்திரலேகா முனிசிபல் பள்ளியில் இந்தி படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். உறுப்பினர் செய்திகள் என்ற பக்கத்தில் நாலாவதாக இருந்தது அது.

‘தாராவி உறுப்பினர் திரு. மாசானம் எழுதுவது: கால் முறிவு காரணமாக வீட்டிலிருக்கும் நான், ஓய்வை வீணாக்காமல் பூத்தையல் பழகி வருகிறேன். சங்கிலித் தையல், காம்புத் தையல், முடிச்சுத் தையல் மூன்றும் கைவந்துவிட்டன. ரோஜாவும் கிளியும் எல்லாரும் போடுவதால் அதில் எனக்கு விருப்பமில்லை. முப்பத்தாறு பல் கொண்ட சக்கரம் ஒன்றைத் தலையணை உறையில் தைத்து முடித்துள்ளேன். அடுத்ததாக ஒரு லேத் மெஷினை முழுவதுமாகத் தைக்க உத்தேசம். இடையில் மவுத் ஆர்கனும் பழகுகிறேன். மனைவி பகலில் வெளியே போய்விடுவதால் வீட்டில் பகலெல்லாம் நல்ல அமைதி. பழகுவதற்கு மிகவும் தோதாக இருக்கிறது.’

மகள் இதைப் படித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. கடைசி வரிக்கு முந்தின வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னாள் பிச்சம்மாள். வெ-ளி-யே போ-ய்-வி-டு-வ-தா-ல் என்று மகள் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தும் தனியாக வந்து விழுந்தது. ஏதோ சேலை வாங்கப் போனவள் மாதிரி, சினிமாவுக்குப் போனவள் மாதிரி. வெளியே.

அன்றிலிருந்து புருஷனோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோற்றை வைப்பாள், சட்டியை எடுப்பாள். என்ன கோபம் என்று அவனும் இரண்டு முறை கேட்டான். குழாயடியில் யாராவது கேலி செய்திருப்பார்கள் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டு, அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே என்றான். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பிச்சம்மாளின் அண்ணன் சுயம்பு விக்ரோலியிலிருந்து வந்தார். அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அவருடைய மகன் வானமாமலைக்குத்தான் சந்திரலேகாவைக் கொடுப்பதாகப் பேச்சு. ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. தங்கச்சி மெஸ்ஸில் மாவாட்டுகிறாள் என்பது வெளியே தெரியக்கூடாது என்று, மாட்டுங்காவில் சொந்தக்காரர் ஒருவர் நோயாகக் கிடக்கிறார், அங்கே துணைக்குப் போய்வருகிறாள் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்ததும் அவர்தான்.

டீயைக் கையில் வாங்கிக்கொண்டதும் ஆரம்பித்தார். இந்த வருஷம் ஊர் கிடக்கிற கிடையில், உள்ளூர்க்காரன் மதராஸிக் கடை என்று கண்ணாடியில் கல்லெறிகிறான், ரயிலில் வேட்டியைப் பிடித்து இழுக்கிறான், இந்த நேரத்தில் நாலு பேர் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு காரியமா என்றார்.

“சங்கத் தாள்ல ஒருத்தன் மவன் மெட்ரிக் பாஸுன்னு எழுதிருக்கான். ஒருத்தன் ரெண்டாவது கடை தொறந்தேன்னு எழுதிருக்கான். நீரு பூப் போடுதேன்னு எழுதிருக்கீரு, மாப்ள.”

“பூப் போடல. சக்கரம் போட்டிருக்கேன். சரியாப் படிச்சுப் பாரும்” என்றான் மாசானம்.

அடுத்த மாதத் தாளில் மறுப்பு எழுத வேண்டும் என்றார் சுயம்பு. யாரோ விளையாட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஊசி, நூல், வளையம் எல்லாவற்றையும் இன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டும். பொம்பளை வேலை பார்க்கிறவன் வீட்டில் பெண் எடுத்தேன் என்று என் மகன் சொல்லிக்கொள்ள முடியாது.

மாசானம் படுத்தபடியே சிரித்தான். அந்தச் சிரிப்பு யாருக்கும் பிடிக்காத சிரிப்பு. பட்டறையில் அதற்காகவே இரண்டு பேர் அவனோடு பேசுவதில்லை.

“உம்ம கடை வெல்லத்துல பாதி மண்ணு அத்தான். அத வித்துட்டு நீரு ஆம்பளைன்னு நடந்து போறீரு. நான் நடக்க முடியாமக் கெடக்கது கால் ஒடைஞ்சதுனால. ஊசி புடிச்சதுனால இல்ல.”

சுயம்புவின் முகம் கறுத்தது. டம்ளரைத் தரையில் வைத்தார். வைத்தாரா தட்டினாரா என்று சொல்ல முடியாது, டீ கட்டில் கால் வரைக்கும் ஓடியது. கட்டிலின் மேல் மடித்து வைத்திருந்த தலையணை உறையை உருவிக் கீழே போட்டுக் காலால் தேய்த்துத் துடைத்தார். முப்பத்தாறு பல் சக்கரம் டீயில் ஊறி, அவர் பாதத்தின் கீழ் முன்னும் பின்னுமாகப் போய் வந்தது. மாசானம் எழுந்திருக்கப் பார்த்தான். மாவுக்கட்டு விடவில்லை. 

அடுப்படியில் நின்ற பிச்சம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு மனசு குளிர்ந்தது. இரண்டு மாதமாக அந்தத் துணியை எடுத்து அடுப்பில் போட வேண்டும் என்று அவள் கை துடித்திருக்கிறது. அண்ணன் அவளுக்குப் பதிலாகச் செய்துவிட்டார் என்று தோன்றியது. அந்த நிம்மதி அவள் வாயை அடைத்திருந்த நேரத்தில்தான் சுயம்பு அடுத்ததைச் சொன்னார்.

“எதிர் வீட்டுக்காரி பட்டப்பகல்ல இங்கன வந்து இருந்துக்கிட்டு என்னத்தப் பழக்கிக் குடுக்கான்னு ஊருக்கே தெரியும்.”

சந்துக்கு அந்தப் பக்கம் வாசலில் இருந்த சாயிராவின் ஊசி நின்றது. அவள் தலை நிமிரவில்லை. துணியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் பிச்சம்மாள் வாயைத் திறந்தாள். ஏண்ணே இப்படிப் பேசுகிறீர்கள் என்றாள். சுயம்பு செருப்பை மாட்டிக்கொண்டு, அடுத்த ஞாயிறு சங்கச் செயலாளரோடு வருவேன், கையெழுத்து இருந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் சாயிரா வாசலில் வந்து நின்று வளையத்தைக் கேட்டாள். உள்ளே வரவில்லை. மாசானம் கொடுத்தான். ஊசிகளையும் எண்ணி வாங்கிக்கொண்டாள். பிச்சம்மாள் பக்கம் திரும்பவே இல்லை. வளையம் இல்லாமல், துணியை இடது கை விரல்களாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு, வீட்டிலிருந்த கிழிசல் தைக்கிற ஊசியால் மாசானம் தன் லேத் மெஷினை ஆரம்பித்தான். முன்னைவிட வேகமாகத் தைத்தான். யாரையோ குத்துகிற மாதிரி இருந்தது பார்ப்பதற்கு.

வியாழக்கிழமை பிச்சம்மாள் வேலையிலிருந்து வந்து காலைக்கூடக் கழுவவில்லை. மாசானம் அந்தத் தலையணை உறையை விரித்து வைத்திருந்தான். சந்திரலேகாவை இரண்டு முறை துவைக்க வைத்தும் டீக் கறை போகவில்லை. மெஸ்ஸில் வேட்டி துண்டெல்லாம் வெளுக்கிறார்களே, கறை போக்கும் பொடி ஏதாவது கிடைக்குமா, கொஞ்சம் கொண்டுவருகிறாயா என்று கேட்டான்.

பிச்சம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

“வெளிய போயிருதேன்னு எழுதிருக்கிய. எங்க போறேன்னு எழுதலையே.”

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், மெஸ் என்று எழுதினால் உன் அண்ணன்தானே குதிப்பார், அதற்காகத்தான் அப்படி எழுதினேன் என்றான். உண்மைதான். அது அவளுக்கும் தெரியும்.

“நான் இல்லன்னா அமைதியா இருக்குன்னும் அவருக்காகத்தான் எழுதினியளா?”

அவன் தலையணை உறையை மடிக்க ஆரம்பித்தான்.

“பொம்பளை வேலைன்னு எங்க அண்ணன் குதிக்காரு. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. நீங்க பூப் போடுங்க, மாலை கட்டுங்க. கால் ஒடைஞ்சதும் ஒங்களுக்கு நேரம் கெடச்சிட்டு. போன வருசம் மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தேன், மூணு நாளும் ஒல வச்சேன். எனக்கு என்ன ஒடைஞ்சா நேரம் கெடைக்கும்? அதச் சொல்லுங்க.”

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். உனக்கும் வேண்டுமானால் கற்றுத் தருகிறேன் என்றான் மாசானம். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் எழுந்து, தைத்துக்கொண்டிருந்த துணியையும் நூலையும் சுருட்டி அவன் கைக்கு எட்டாத பரணில் எறிந்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். சந்திரலேகா வேலை விட்டு வந்து அதை எடுத்துக் கொடுத்தபோது, அவன் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டானே தவிர அன்று தைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுயம்பு சொன்னபடியே சங்கச் செயலாளர் பிரம்மநாயகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிரம்மநாயகம் ஒரு மில்லில் டைம்கீப்பர். யாரோடும் பகை வேண்டாம் என்று நினைக்கிறவர். செய்தித்தாளில் சும்மா ஒரு பக்கம் சேர்க்கலாம் என்று தான் நினைத்தது இப்படி முடிந்ததில் அவருக்கு வருத்தம். மறுப்பை அவரே எழுதிக் கொண்டுவந்திருந்தார். படித்துக் காட்டினார். மாசானம் இந்த ஒரு வாரத்தில் இளைத்திருந்தான். மகள் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வானமாமலை இரண்டு தடவை வந்தபோது அவள் டீ கொடுத்த விதத்திலிருந்து, அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்பது அப்பனுக்குத் தெரிந்திருந்தது.

“பேனாவக் குடும்” என்றான் மாசானம்.

சுயம்புவின் முகத்தில் வந்த களையைப் பிச்சம்மாள் பார்த்தாள். பேனா கைமாறுவதற்குள் குறுக்கே வந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கையில் வைத்துக்கொண்டாள்.

மறுப்புப் போடுவதென்றால் நான் சொல்வதையும் சேர்த்துப் போடுங்கள் என்று பிரம்மநாயகத்திடம் சொன்னாள். எழுதிக்கொள்ளுங்கள், மாசானம் பெண்சாதி பிச்சம்மாள் மாட்டுங்கா மெஸ்ஸில் காலை அஞ்சு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் மாவாட்டுகிறாள். மாட்டுங்காவில் அவளுக்கு நோயாளிச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. எதிர் வீட்டு சாயிராவைப் பற்றிப் பேசியது பொய். பேசியது யார் என்றும் எழுதுங்கள்.

பிரம்மநாயகம் சுயம்புவைப் பார்த்தார். மெஸ் சங்கதி அவருக்கே அப்போதுதான் தெரியும்.

“ஏட்டி, ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிட்டா?” என்றார் சுயம்பு. “நம்ம வீட்டுப் பொம்பளை எச்சில் கடையில மாவாட்டுதான்னு நானே தாள்ல போடவா?”

“அப்பம் ஒண்ணும் போட வேண்டாம். ரெண்டும் வேண்டாம்.”

அப்படியானால் கல்யாணமும் வேண்டாம் என்றார் அவர். அவள் தாளை நாலாக மடித்து அடுப்பில் போட்டாள். கூடப் பிறந்தவன் என்று இனிமேல் படியேறமாட்டேன் என்றார். ஏற வேண்டாம் என்றாள். இருவரும் ஒரே மாதிரி நின்றார்கள், ஒரே மாதிரி மூக்கு விடைத்திருந்தது. பிரம்மநாயகம் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு முதலில் வெளியே போனார்.

எல்லாம் அதன்பிறகு சுமுகமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த மாதச் செய்தித்தாளில் உறுப்பினர் செய்திகள் என்ற பக்கமே இல்லை. ஆவணியில் வானமாமலைக்கு அம்பர்நாத்தில் பெண் எடுத்தார்கள். இவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வரவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா என்று சந்திரலேகா அம்மாவிடம் ஒரே ஒருமுறை கேட்டாள், பிறகு ஒன்றரை மாதம் பேசவில்லை. கேட்காதது தப்புதான் என்று பிச்சம்மாளுக்கே தெரிந்திருந்தது. அதை மகளிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சாயிரா வீட்டுக்கும் போனாள். கதவைத் தட்டி, அண்ணன் பேசியதற்கு மன்னித்துக்கொள் என்றாள். சாயிரா வாசலில் நிறுத்தித்தான் பேசினாள்.

“ஒங்க அண்ணன் பேசுனதுக்கு நீங்க என்ன செய்வீங்க. அவரு பேசி முடிக்கிற வரைக்கும் அடுப்படியில நின்னீங்களே, அதுதான்க்கா எனக்குத் தாங்கல.”

பிச்சம்மாள் சரி என்று திரும்பி வந்தாள். குழாயடியில் சாயிரா அவளுக்கு இடம் விடுவாள், தண்ணீர் சிந்தினால் நகர்ந்து நிற்பாள். அதற்கு மேல் இல்லை.

ஆனி மழையில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மாசானத்தின் இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. கம்பு ஊன்றிக் குர்லாவுக்கு வேலைக்குப் போனான். சாயங்காலம் தைப்பதை அவன் விடவில்லை. லேத் மெஷின் முடிந்து, அதை யார் பார்த்தாலும் எது கைப்பிடி, எது பெல்ட் என்று தெரிந்தது. பிச்சம்மாள் அதை நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மெஸ் வேலையை விட்டுவிடு என்று அவன் சொன்னதற்கு, விடுகிற உத்தேசம் இல்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸுக்கு விடுமுறை. அன்றைக்கு அடுப்பு உங்களுடையது, தண்ணீரும் உங்களுடையது, எனக்கு எதற்கும் குரல் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

முதல் ஞாயிறு சோறு அடிப்பிடித்தது. நொண்டிக்கொண்டே அவன் குடம் தூக்கி வருவதைப் பார்க்கச் சந்தே வாசலுக்கு வந்தது. பிச்சம்மாள் வெட்டவெளிச்சத்தில், அவன் ஐந்து மாதம் படுத்திருந்த கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தாள். முப்பிடாதியம்மாள் வேண்டுமென்றே உள்ளே எட்டிப் பார்த்து, என்னக்கா, உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல. தூங்கப் பழகுதேன்” என்றாள் பிச்சம்மாள்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. பகலில் படுத்துப் பழக்கமில்லாத உடம்பு. ஒவ்வொரு பாத்திரச் சத்தத்துக்கும் எழுந்திருக்கப் பார்த்தது. எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று அவன் தேடுவது கேட்டது. சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. இரண்டாவது வாரமும் அப்படித்தான் போனது. மூன்றாவது வாரம் அரிசி களைகிற சத்தம் பாதியில் காதிலிருந்து நழுவியது. விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவளுக்கான சோறு தட்டு போட்டு மூடியிருந்தது, ஆறிப்போயிருந்தது. மாசானம் வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்துவிட்டது தெரிந்தும் அவன் திரும்பவில்லை. அவளும் கூப்பிடவில்லை. தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். உப்பு அதிகமாக இருந்தது.